தம்பியின் நூல்கண்டு பஸ்

எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மதுரையில் இப்படிப் பல வீடுகள் உண்டு. வாசலில் பழைய புடவையைக் கிழித்து மாட்டிய திரை, உள்ளே ஒரு மெஷின், ஆணியில் தொங்கும் ஜாக்கெட்டுகள், மூலையில் ஓவர்லாக்குக்குக் காத்திருக்கும் துணி மூட்டை. அந்த மெஷினுக்கு அடியில்தான் எங்கள் தம்பி வளர்ந்தான். தம்பி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். மூத்தவளுக்கு நாலு வருடம் இளையவன். இப்போது எட்டு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள்.

அவனுடைய விளையாட்டுச் சாமான் என் நூல்கண்டுகள். டப்பாவைக் கவிழ்ப்பான். ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் காலிலிருந்து வாசற்படி வரைக்கும் வரிசையாக நிறுத்துவான். நிறுத்தி முடித்ததும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையை நெடுகப் பார்ப்பான். துணி கொடுக்க வருபவர்கள் கால் பட்டு ஒன்று உருண்டுவிட்டால் போதும், தெருக்கோடி வரை கேட்கும் அழுகை. கார், பொம்மை, யானை என்று உறவுக்காரர்கள் வாங்கிவந்ததெல்லாம் பரணில் கிடந்தது. காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததோடு சரி.

தெரபிக்குப் போக ஆரம்பித்த புதிதில், "வீட்டிலயும் விளையாட வைங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அதை வீட்டுப்பாடம் என்று எடுத்துக்கொண்டேன். அவன் நூல்கண்டு எடுத்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது என்ன கலர்? சிவப்பு எங்க? சிவப்பை அம்மாகிட்டக் கொடு. இங்க பாரு, அம்மா மூஞ்சியப் பாரு" என்று ஆரம்பிப்பேன். பத்து நாளில் அவன் ஒரு விஷயம் கற்றுக்கொண்டான். நான் வருவதைப் பார்த்ததும் ரெண்டு கையிலும் கொள்ளும் மட்டும் நூல்கண்டை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவது. விளையாட்டில் பரீட்சை வைத்தால் நானும்தான் ஓடியிருப்பேன். அது அப்போது புரியவில்லை. பிள்ளை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான் என்று அழுதுகொண்டு போய் நின்றேன்.

அங்கே சிறப்பாசிரியராக இருந்த மேடம் சொன்ன யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஒரு வாரத்துக்கு எதுவும் சொல்லித் தராதீங்க. தினமும் பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, பேசாம. அவன் என்ன செய்யிறான்னு எழுதிட்டு வாங்க." காசு கொடுத்து இந்த யோசனைக்கா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது. ஆனாலும் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் எழுதியது ஒரே வரி: "அடுக்குகிறான்." ரெண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் "இடது கையால் எடுக்கிறான்" என்று ஒன்று கூடியது.

நாலாம் நாள்தான் கண்ணில் பட்டது. நான் கலர் கலர் என்று உயிரை விட்டேனே, அவன் கலரைப் பார்க்கவே இல்லை. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் கறுப்பு. ஆனால் மெஷின் காலடியில் இருந்தது பிரிக்காத முழு நூல்கண்டு, வாசற்படியில் இருந்தது வெறும் கட்டை. நடுவில் இருப்பதெல்லாம் நூல் குறையக் குறைய வரிசையாக நின்றது. எதில் எவ்வளவு நூல் மிச்சம் என்று பார்த்து அடுக்கியிருக்கிறான். பதினைந்து வருடமாகத் தைக்கிறேன், எனக்கே அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. கட்டை கலைந்தால் அவன் அழுததும் அப்போதுதான் விளங்கியது. அரைமணி நேரம் கணக்குப் போட்டு வைத்ததை யாரோ காலால் தட்டிவிட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பொருளை அடுக்குவது, சக்கரம் சுற்றுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது எல்லாம் மதிப்பீட்டுத் தாளில் அறிகுறியாக எழுதப்படுகிறவை. 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி, 11 குழந்தைகளைப் பார்த்து எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்த ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வருகிறது. அறிகுறி என்று பேர் வைத்துவிட்டால் அதை நிறுத்தத்தான் நமக்குத் தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்கத் தோன்றாது. எனவே புதிதாக வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஒரு வார வேடிக்கைதான். பிள்ளை எதை எடுக்கிறது, அதிலிருந்து அதற்கு என்ன கிடைக்கிறது: சத்தமா, சுழற்சியா, வரிசையா, தொடுகிற சுகமா? இது தெரிந்தால் என்ன சாமான் வாங்கலாம் என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

அப்புறம் மேடம் சொன்னது, "நீங்களும் அடுக்குங்க." அவன் சாமானைத் தொடக்கூடாது, உங்களுக்குத் தனியாக ஒரு செட் வேண்டும் என்றார். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருக்கிற தையல்காரர்களிடம் வெறும் கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு பை நிறையச் சேர்ந்தது. அவன் வரிசைக்கு ஒரு முழம் தள்ளி, நானும் அவனைப் போலவே குப்புறப் படுத்து அடுக்கினேன். வாயைத் திறக்கவில்லை. ரெண்டு நாள் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அடுக்குவதை நிறுத்திவிட்டு என் வரிசையைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தை. ஒரு நொடிதான். பிறகு ஊர்ந்து வந்து என் வரிசையில் ஐந்தாவது கட்டையை எடுத்து எட்டாவது இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அதில் கொஞ்சம் நூல் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்று சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆனால் "அம்மா மூஞ்சியப் பாரு" என்று நூறு தடவை சொல்லி வராத பார்வை அன்றைக்குத் தானாக வந்தது.

தரையில் உட்கார்ந்து, பிள்ளை போகிற வழியிலேயே போய், அதற்குள்ளே உறவை வளர்க்கிற இந்த முறைக்கு ஃப்ளோர்டைம் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் உளவியலாளர் செரீனா வீடரும் உருவாக்கியது. ஒருவர் தொடங்க, மற்றவர் அதற்குப் பதில் செய்ய, ஒரு வட்டம் முடிகிறது என்பார்கள். நான் கட்டையை வைத்தேன், அவன் திருத்தினான்: ஒரு வட்டம். நாள் ஒன்றுக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் போல செய்யச் சொல்வார்கள். ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக் கொடுத்தால்தான் அரிசி வாங்க முடியும் என்கிற வீட்டில் அதற்கு எங்கே போவது? நான் காலையில் பத்து, மதியம் கரண்ட் போனால் பத்து, இரவு படுக்கும் முன் பத்து என்று வைத்துக்கொண்டேன். மீதி நேரத்துக்குக் குளிப்பாட்டுவது, துணி மடிப்பது எல்லாவற்றையும் விளையாட்டாக்கிக்கொண்டேன். செய்ய முடியாத நாளில் குற்ற உணர்வு வரத்தான் செய்யும். அதை மறுநாள் விளையாட்டுக்குள் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். நான் பதறினால் அவனும் பதறுவான்.

பேச்சு விஷயத்தில் எனக்கு வாயை அடக்குவதுதான் பெரிய பாடு. கேள்வி கேட்காமல் நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும். "என்ன செய்யிறே?" என்று கேட்பதற்குப் பதிலாக "உருளுது", "விழுந்துருச்சு", "இன்னொண்ணு". ஒரு சொல், ரெண்டு சொல். அதைவிடக் கஷ்டம் காத்திருப்பது. துணி வெட்டுகிற பலகையை நாற்காலியில் சாய்த்து வைத்துக் கட்டைகளை உருட்டிவிட ஆரம்பித்தோம். நான் கட்டையை மேலே பிடித்துக்கொண்டு "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மனசுக்குள் அளவு டேப்பைப் பிடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பத்து வரை நகர்த்துவேன். பத்து அங்குலம் அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். அவன் என் கையைத் தள்ளினாலும் விட்டுவிடுவேன், சத்தம் கொடுத்தாலும் விட்டுவிடுவேன், கண்ணால் கேட்டாலும் விட்டுவிடுவேன். "மூணு" என்று சொன்னால்தான் விடுவேன் என்று பிடித்து வைக்கக்கூடாது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் "ணு" என்றான்.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இந்தத் தெரபி எல்லாம் சுத்தமாக நம்பிக்கை இல்லை. "ஏத்தா, பிள்ளையோட விளையாடக்கூட ஒருத்தர் சொல்லித் தரணுமாக்கும்" என்பார். சும்மா சொல்லவில்லை. அவர் தினமும் சாயங்காலம் தம்பியை மடியில் போட்டு உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, சோறு ஊட்டி, கையில் நண்டூருது நரியூருது விட்டு, கடைசியில் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுவார். ஒருமுறை மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் நோட்டை மூடிவிட்டு, "இதைவிட நல்ல விளையாட்டு நான் என்ன சொல்லித் தரப்போறேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். எல்லா நாளும் ஒரே வரிசை, ஒரே முடிவு. முகம் பக்கத்தில் இருக்கிறது, பொம்மையே தேவையில்லை. நண்டு முழங்கையைத் தாண்டும்போது இப்போ வரும் இப்போ வரும் என்ற அந்தத் தவிப்பில் பிள்ளை பாட்டி முகத்தைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. அத்தை வேண்டுமென்றே தோளில் நண்டை நிறுத்திவிட்டு வெற்றிலையைத் தேடுகிற மாதிரி நடிப்பார். தம்பி அவர் விரலைப் பிடித்துத் தன் கக்கத்தில் வைப்பான். கேட்டு வாங்குவது என்பது அதுதானே.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். தம்பிக்கு லேசான தொடுகை ஆகாது. சட்டைக்குப் பின்னால் இருக்கிற லேபிளே அவனுக்கு முள் மாதிரி, எல்லாச் சட்டையிலும் நான் பிரித்து எடுத்துவிடுவேன். முதலில் அத்தை மெதுவாக விரல் ஊர்த்தியபோது கையை உதறிக்கொண்டு ஓடினான். அவர் அழுத்தி அழுத்தி ஊர்த்திய பிறகுதான் உட்கார்ந்தான். எங்கள் வீட்டு நண்டு யானை கனம் இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு இதுவே தலைகீழாக இருக்கலாம். எந்தத் தொடுகை, எந்தச் சத்தம், எந்த வெளிச்சம் தாங்காது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் விளையாட்டு தண்டனையாகிவிடும். தம்பியின் நாலாவது பிறந்தநாளுக்கு நாங்கள் வீடு முழுக்க பலூன் கட்டினோம். முதல் பலூன் வெடித்ததோடு கொண்டாட்டம் முடிந்தது. அன்று இரவு பூரா அவன் தூங்கவில்லை.

அழுத்தம் பிடிக்கும் என்று தெரிந்ததும் பாயில் சுருட்டுகிற விளையாட்டு வந்தது. கோரைப்பாயில் படுக்கவைத்து உருட்டி "பாய் சுருட்டியாச்சு" என்று மேலே தட்டுவோம். தலையும் முகமும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும், அவனே நெளிந்து வெளியே வர முடிகிற அளவுக்குத்தான் சுருட்ட வேண்டும். தூளியையும் ஐந்து வயது வரை அவிழ்க்கவில்லை. "எருமை மாதிரி வளந்த பிள்ளைக்குத் தூளியா" என்று பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆடி இறங்கினால் கால்மணி நேரம் அமைதியாக உட்காருவான். அந்தக் கால்மணி நேரம்தான் நாங்கள் சேர்ந்து விளையாடுகிற நேரம். அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதைத்தான் தெரபி நடக்கிற இடத்தில் தொங்கும் ஊஞ்சலில் செய்தார்.

அளைந்து விளையாட அரிசி, கேழ்வரகு, ஊறவைத்த ஜவ்வரிசி எல்லாம் நன்றாக இருக்கும். கடையில் கலர் கலராக விற்கிற, தண்ணீரில் போட்டால் ஊதுகிற ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். எதையும் வாயில் போடுகிற பிள்ளை விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையும் ஆபத்துதான், மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் வீட்டில் ஊக்கு, பித்தான், ஊசி எல்லாம் பூட்டுப் போட்ட டப்பாவில்தான். தண்ணீர் விளையாட்டு தம்பிக்கு உயிர், ஆனால் வாளியில் அரை வாளி தண்ணீர் இருந்தாலும் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சட்டென்று வெளியே நடந்து போய்விடுகிற பழக்கமும் தண்ணீர் மேல் ஈர்ப்பும் சேர்ந்து வருவதுண்டு. நீரில் மூழ்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். ஒரு தடவை தெப்பக்குளத்துப் பக்கம் போனபோது என் கையை உதறிவிட்டு நேரே படியை நோக்கி ஓடினான். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. வாசல் கதவுக்கு உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டோம், தெருக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம், ஏழு வயதில் நீச்சலுக்கு அனுப்பினோம்.

சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் விளையாட்டில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தடை போட்டு, அதை நம்மோடு சேர்ந்து தீர்க்க வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் பலகையில் கட்டை உருட்டும்போது நடுவில் கையை வைத்து "ஐயோ, வழி அடைச்சுருச்சு" என்றால் சிரித்துக்கொண்டே கையைத் தள்ளுவான். நன்றாகத்தான் போனது. ஒருநாள் பள்ளியிலிருந்து களைத்து வந்து, தனியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அதே வேலையைச் செய்தேன். அன்றைக்கு அது அவனுக்கு விளையாட்டு இல்லை, மூச்சு விடுகிற இடம். தலையைத் தரையில் முட்டிக்கொண்டான், நெற்றியில் வீங்கிவிட்டது. அதற்கப்புறம் பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம் அவன் அவன்பாட்டுக்கு அடுக்கலாம், யாரும் போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டோம். தனியாக விளையாடுவதையெல்லாம் தெரபியாக்க வேண்டியதில்லை. நானும்தான் வேலை முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே சீரியலைப் பார்க்கிறேன், என்னை யாரும் திருத்த வரவில்லை.

தெருப் பிள்ளைகளோடு சேர்ந்தது தனிக் கதை. சாயங்காலம் அவர்கள் விளையாடும்போது தம்பி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். எனக்கு வயிறு எரியும். போய் விளையாடு போ என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவேன், அவன் உள்ளே ஓடிவருவான். வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டில் ஒரு படிதான் என்று மேடம் விளக்கினார். மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற ஆய்வாளர் 1932-லேயே குழந்தைகள் விளையாடுவதை வகைப்படுத்தி எழுதியிருக்கிறாராம்: தனியாக விளையாடுவது, பார்த்துக்கொண்டு நிற்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, அப்புறம்தான் கலந்து விளையாடுவது. அதன் பிறகு தள்ளுவதை விட்டுவிட்டேன். வாசற்படியில் அவனோடு நானும் உட்கார்ந்து ஊக்கு தைத்தேன்.

மாடி வீட்டுச் சிறுமிதான் வழி திறந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் அவளுக்குச் சொன்னது மூன்றே விஷயம். அவன் பதில் சொல்லாவிட்டால் திரும்பக் கத்தாதே, கையால் காட்டு. காதைப் பொத்தினால் கொஞ்ச நேரம் விட்டுவிடு. உனக்கு அலுத்துப்போனால் போய்விடலாம், தப்பில்லை. மூன்றாவதை நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். கடமைக்கு விளையாடுகிற தோழி யாருக்கும் வேண்டாம். முதலில் அவள் ஒருத்தி மட்டும், பதினைந்து நிமிடம், நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுவது. அப்புறம் இன்னொரு பையன். குலை குலையா முந்திரிக்காய் ஆடினார்கள். சுற்றி ஓடுவது, ஒரே பாட்டு, எப்போது என்ன நடக்கும் என்று தெரிந்த ஆட்டம், அதனால் அவனுக்கு ஒத்துவந்தது. கண்ணாமூச்சிதான் கூத்து. தம்பி எப்போதும் ஒரே திரைக்குப் பின்னால்தான் ஒளிவான், கண்டுபிடித்தால் கை தட்டிச் சிரிப்பான். தோற்பது என்பதே அந்த ஆட்டத்தில் இல்லை அவனுக்கு. பிள்ளைகள் தாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: தம்பியைக் கடைசியில்தான் கண்டுபிடிக்க வேண்டும், திரைக்கு முன்னால் நின்று "எங்க காணோம், எங்க காணோம்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எந்தத் தெரபிஸ்டும் சொல்லித் தரவில்லை.

பூங்காவில் இவ்வளவு சுலபமாக இல்லை. சறுக்கு மரத்தில் ஏறியவன் உச்சியில் உட்கார்ந்துவிட்டான், பின்னால் பத்துப் பிள்ளைகள். ஒரு அம்மா, "பிள்ளைய வளர்க்கத் தெரியாதவங்கல்லாம்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு காலை ஆறரை மணிக்குப் போகிறோம். சறுக்கு மரம் காலியாக இருக்கும், நடப்பவர்கள் எங்களைக் கவனிப்பதில்லை.

மூத்தவளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஒருநாள் தன் வீட்டுப்பாட நோட்டில் "எனக்கும் ஆட்டிசம் வந்தால் அம்மா என்னோடு விளையாடுவாள்" என்று எழுதி வைத்திருந்தாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் நானும் மட்டும் தாயம் ஆடுவோம். தம்பியை அப்பா பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவள் போட்ட கட்டளை.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ரெண்டு நாள் தெரபிக்கு டவுன் பஸ்ஸில்தான் போவோம். தம்பி பேச ஆரம்பித்தபோது அவன் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் கண்டக்டருடையது. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க." அதே குரல், அதே அலுப்பு. இரவு பன்னிரண்டு மணிக்கும் சொல்வான், சாப்பிடும்போதும் சொல்வான். முன்பு போய்வந்த ஒரு இடத்தில், இதைக் கண்டுகொள்ளாதீர்கள், வாயில் விரல் வைத்து நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலேலியா என்று பெயர். அது அர்த்தமில்லாத பேச்சு இல்லை, கேட்பதற்கும் மறுப்பதற்கும் முறை வைத்துப் பேசுவதற்கும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பேச்சு மொழி நிபுணர் பேரி பிரைசான்ட் போன்றவர்கள் 1980-களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த விவரம் வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று.

ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. நான் வாசற்படியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தேன். மெஷினுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "படியில நிக்காதீங்க." வழக்கம்போலத்தான் சொல்கிறான் என்று விட்டிருப்பேன். ஆனால் நான் நிஜமாகவே படியில் இருந்தேன். எழுந்து, "சரிங்க கண்டக்டர், உள்ள போறேங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி வெளியே வந்து என்னைப் பார்த்தான். அப்படிச் சிரித்து நான் அவனைப் பார்த்ததில்லை. மறுபடி போய்ப் படியில் நின்றேன். மறுபடி சொன்னான். அன்றைக்கு எத்தனை தடவை படி ஏறி இறங்கினேன் என்று முழங்காலுக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் எங்கள் பஸ். நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வெட்டுத்துணியில் ஒரு கண்டக்டர் பை தைத்துக் கொடுத்தேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்ததிலிருந்து கொடுக்கிற டிக்கெட்டுகளை நான் கூடையில் போட்டு வைத்திருந்தேன், அது ஒரு கட்டு இருந்தது. விசில் வாங்கலாமா என்று பயம். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துகிறவன். ஆனால் தானே ஊதுகிற சத்தம் அவனுக்குத் தொந்தரவே இல்லை. எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ஆகாது போலிருக்கிறது. ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், ரெண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். முறை வைத்து விளையாடுவது, அடுத்தவருக்காகக் காத்திருப்பது என்று நான் ஒரு வருடம் மல்லுக்கட்டியதெல்லாம் அந்த விசிலுக்குள் வந்துவிட்டது. நிறுத்துவதும் சுலபமாயிற்று. முன்பு எந்த விளையாட்டையும் முடிக்க முடியாது, போர்க்களம்தான். போன் அலாரம் வைத்தால் அதற்கே அழுவான். பஸ்ஸில், "இன்னும் மூணு ஸ்டாப்" என்பேன். ஒவ்வொன்றாகக் குறையும். "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்றால் அவனே பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். சாப்பாட்டுக்குப் போகிற வழி அதுதான் இன்றைக்கும்.

பயணிகள் பற்றாக்குறையால் நூல்கண்டுகளை ஏற்றினோம். அது என் யோசனை. ஒரு பச்சை நூல்கண்டை நாற்காலியில் வைத்து "இவங்களுக்கு ஒரு டிக்கெட்" என்றேன். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான், நூல்கண்டு எப்படி டிக்கெட் வாங்கும் என்று கேட்கிற பார்வை. அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டான். சரி, விட்டுவிட்டேன். ஏழெட்டு வாரம் கழித்து, நான் தைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. முழு நூல்கண்டுகள் முன் சீட்டில், குறைந்தவை பின்னால், எல்லாருக்கும் டிக்கெட் சுருட்டிச் செருகியிருந்தது. வெறும் கட்டை ஒன்றை எடுத்து, "நூல் முடிஞ்சுது. இறங்குங்க" என்று கீழே வைத்தான். அந்த வாக்கியம் எந்தக் கண்டக்டரும் சொன்னதில்லை.

கற்பனை விளையாட்டுக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறேன் என்று பொம்மை டீ செட் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். நானும் வாங்கினேன், பரணில் இருக்கிறது. அவர்கள் தினமும் பார்க்கிற, மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் வரும். தம்பிக்கு பஸ். இங்கே தெரபிக்கு வருகிற இன்னொரு பையனுக்குக் கோயில் அபிஷேகம், ஒரு பெண்பிள்ளைக்கு அம்மா தோசை வார்ப்பது. எல்லாப் பிள்ளைக்கும் வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரட்டும், பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கட்டும் என்று விளையாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அது ஒருபக்கம் நடக்கட்டும். வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கிற அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருப்பதால் அடையாள அட்டையும் வாங்கலாம். எங்களுக்கு அது கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் எத்தனையோ கட்டை உருட்டிவிட்டோம்.

போன வாரம் ஒரு கல்யாண ஜாக்கெட் விஷயமாக வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். புதியவர். "உட்காருங்க, ஊக்கு மட்டும்தான் பாக்கி" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இழுத்துப் போட்டு உட்கார்ந்தது பஸ்ஸின் மூன்றாவது சீட். தம்பி பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். அவர் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். அவரும் சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்து, "எவ்வளவு தம்பி?" என்றார்.

நான் மனசுக்குள் டேப்பை நகர்த்த ஆரம்பித்தேன். நாலு அங்குலம்கூட ஆகவில்லை.

"லேடீஸ் ஃப்ரீ" என்றான். ரெண்டு விசில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.